பிறவி வளர்சிதைக் குறைகள்: மருத்துவரை உருவாக்கும் பணி

1980ஆம் ஆண்டில் பெங்களூருவிலுள்ள இந்திய அறிவியல் கழகத்தின் உயிர் வேதியியல் துறை, நம் நாட்டு மருத்துவ வரலாற்றில் அதிகம் பேசப்படாத ஒரு பணியைத் தொடங்கியது. கர்நாடக மாநிலத்தில் பிறந்த குழந்தைகளிடமிருந்து சில துளி இரத்தம் வடிதாளில் எடுத்து உலர்த்தப்பட்டு ஆய்வுக்கூடத்திற்கு வந்து சேர்ந்தது. இரத்தத்திலுள்ள அமினோ அமிலங்கள் இயல்பான அளவில் உள்ளனவா என்று அங்கே பார்க்கப்பட்டது. பேராசிரியர் என். அப்பாஜி ராவ், மருத்துவர் ஏ. இராதா ரமா தேவி ஆகியோர் இப்பணியில் முன்னின்றனர். இலண்டனைச் சேர்ந்த ஆலன் பிட்டில்ஸ் ஆய்வு முடிவுகளை வகுப்பதில் பங்கேற்றார். 1988ஆம் ஆண்டில் முடிவுகள் வெளியிடப்பட்டபோது 1,12,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் ஆராயப்பட்டிருந்தனர். மேலை நாடுகளுக்கே உரியவை என்று கருதப்பட்டுவந்த சில பிறவிக் குறைகள் இம்மண்ணிலும் உண்டு என்பது அதனால் உறுதியாயிற்று.

ஆயினும் அத்திட்டம் ஆய்வாகவே நின்றது. அன்றாட மருத்துவப் பணியாக வளரவில்லை. இதற்குக் காரணங்கள் பல. நிதியும் போக்குவரத்தும் அவற்றுள் அடங்கும். ஆனால் எல்லாவற்றினும் அடிப்படையான ஒரு குறை இருந்தது. தாளில் ஒரு புள்ளி இயல்புக்கு மாறாகத் தோன்றினால், அந்தக் குழந்தையைத் தேடிப் பிடித்து, நோயை உறுதி செய்து, அன்றே மருத்துவத்தைத் தொடங்கி, ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்துக்கொள்ளும் மருத்துவர் எங்கே? அத்தகைய மருத்துவரை உருவாக்கும் படிப்பு அன்று நம் நாட்டில் இல்லை.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. ஒரே ஒரு இரத்தப் பொட்டிலிருந்து சில நிமிடங்களில் பல பத்து நோய்களுக்கான அறிகுறிகளைக் காட்டும் டாண்டம் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்னும் கருவி பெங்களூருவில் பயன்பாட்டில் உள்ளது. ஜீன்களின் எழுத்து வரிசையைப் படித்துத் தரும் நிறுவனங்களும் இந்நகரில் உள்ளன. கருவியை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க முடிகிறது. அது காட்டும் எண்ணின் பொருளை உணர்ந்து செயற்படும் மருத்துவரை உருவாக்கப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குக் குறையாமல் தேவைப்படுகிறது. அப்பயிற்சி எத்தகையது, ஏன் அவ்வளவு நீள்கிறது, பயின்றவர்க்கு என்ன பணி காத்திருக்கிறது என்பவற்றை மாணவரும் நிருவாகத்தினரும் அறிந்திருப்பது பயனுள்ளது.

நோயின் தன்மை

நாம் உண்ணும் உணவு உடலில் பல படிகளாகச் சிதைக்கப்படுகிறது. சிதைந்த பொருள்களிலிருந்து உடலுக்கு வேண்டியவை மீண்டும் கட்டப்படுகின்றன. இதுவே வளர்சிதை மாற்றம். ஒவ்வொரு படியையும் நடத்திவைப்பது என்சைம் எனப்படும் நொதி. ஒரு நொதிக்குரிய ஜீனில் பிழை இருந்தால் அந்தப் படி தடைப்படும். தடைக்கு முன்னால் உள்ள பொருள் தேங்கி நஞ்சாகும். பின்னால் கிடைக்க வேண்டிய பொருள் கிடைக்காமற்போகும். மதகு அடைபட்ட வாய்க்காலில் மேல்புறம் வெள்ளமும் கீழ்புறம் வறட்சியும் ஏற்படுவதைப் போன்றது இது. இவ்வகையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோய்கள் இன்று அறியப்பட்டுள்ளன. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் அரியது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், எந்தப் பெரிய குழந்தைகள் மருத்துவமனையும் ஆண்டு முழுவதும் சந்திக்கும் தொகுதி இது.

இக்கருத்தை முதலில் உருவாக்கியவர் இலண்டன் மருத்துவர் ஆர்ச்சிபால்ட் கேராட். சிறுநீர் கறுத்துப்போகும் அல்காப்டோன்யூரியா என்னும் குறையை அவர் ஆராய்ந்து 1902இல் எழுதினார். அக்குறையுள்ள குழந்தைகளின் பெற்றோர் பலர் ஒருவர்க்கொருவர் நெருங்கிய உறவினர் என்பதை அவர் அப்போதே கவனித்துவிட்டார். தாய்மாமனை மணப்பதும் அத்தை மகனை மணப்பதும் வழக்கமாயுள்ள தென்னாட்டுக்கு இது எவ்வளவு நெருங்கிய செய்தி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பெங்களூரு ஆய்வுக் குழுவினர் 1980களில் பெங்களூரு, மைசூரு மருத்துவமனைகளில் பிள்ளை பெற்ற தாய்மார்களிடம் விசாரித்தபோது, திருமணங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று உறவுக்குள் நடந்தது எனத் தெரியவந்தது. அவற்றுள்ளும் மாமன்–மருமகள் மணம் கணிசமானது.

மருத்துவம் உண்டு என்பது பின்னர் தெளிவாயிற்று. நார்வே மருத்துவர் அஸ்பியோர்ன் ஃபோலிங் 1934இல் ஃபினைல்கீட்டோன்யூரியா என்னும் நோயைக் கண்டறிந்தார். ஃபினைல்அலனின் என்னும் அமினோ அமிலம் குறைந்த உணவைக் கொடுத்தால் மூளை கெடாமல் காக்கலாம் என்பதை 1950களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஹார்ஸ்ட் பிக்கல் காட்டினார். உலர்ந்த இரத்தப் பொட்டைக் கொண்டு நோயைக் கண்டறியும் எளிய முறையை 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் இராபர்ட் கத்ரி வகுத்தார். மூளை வளர்ச்சி குன்றிய குழந்தைக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்றிருந்த காலம் அத்துடன் முடிந்தது. அதுமுதல், காலத்தில் கண்டறியாமற்போவது மருத்துவத்தின் குறையாகிவிட்டது.

பன்னிரண்டு ஆண்டுப் பாதை

இத்துறைக்கு வர விரும்பும் மாணவர் முதலில் எல்லா மருத்துவரையும் போலவே எம்.பி.பி.எஸ். படிக்க வேண்டும். கட்டாயப் பணிப் பயிற்சி ஓராண்டு உட்பட அதற்கு ஐந்தரை ஆண்டுகள். அடுத்து முதுநிலைப் பட்டம். பெரும்பாலோர் குழந்தை மருத்துவத்தில் எம்.டி. பெறுகின்றனர், பொது மருத்துவம், மகப்பேறு மருத்துவம் ஆகியவற்றில் முதுநிலைப் பட்டம் பெற்றவர்களும் வரலாம். அதற்கு மூன்று ஆண்டுகள். அதன்பின் மருத்துவ மரபியலில் டி.எம். என்னும் உயர்சிறப்புப் பட்டம். மேலும் மூன்று ஆண்டுகள். மொத்தம் பதினொன்றரை ஆண்டுகள். ஒவ்வொரு நிலைக்கும் அகில இந்திய நுழைவுத் தேர்வு உண்டு. தேர்வுகளுக்கு இடையில் கழியும் மாதங்களையும் கட்டாயச் சேவைக் காலத்தையும் சேர்த்தால், பதினெட்டு வயதில் தொடங்கியவர் முப்பதைக் கடந்தே வெளியே வருகிறார்.

அமெரிக்காவில் மருத்துவ மரபியல் பயின்றவர், உயிர் வேதி மரபியல் என்னும் தனிப்பிரிவில் மேலும் ஓராண்டு பயில்கிறார். பிரிட்டனில் குழந்தை மருத்துவத்தின் உட்பிரிவாக வளர்சிதை மாற்ற நோய் மருத்துவம் ஏற்கப்பட்டுள்ளது. நம் நாட்டில் இது பெரும்பாலும் மருத்துவ மரபியலின் ஒரு பகுதியாகவே கற்பிக்கப்படுகிறது. டி.எம். படிப்பை முதலில் தொடங்கியது இலக்னோவிலுள்ள சஞ்சய் காந்தி முதுநிலை மருத்துவ அறிவியல் கழகம். புது தில்லியின் அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகம், ஐதராபாத்தின் நிஜாம் மருத்துவ அறிவியல் கழகம், வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி ஆகியவையும் இப்பட்டத்தை வழங்குகின்றன. நாட்டின் அளவை நோக்க இந்நிறுவனங்களின் எண்ணிக்கை மிகச் சிறியது.

பெங்களூருவின் சிறப்பு வேறு வகையானது. இங்கே பல நிறுவனங்கள் ஒரே நகரில் இப்பணியின் வெவ்வேறு கூறுகளைச் செய்கின்றன. இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர் எச். சரத் சந்திரா முன்னின்று, கர்நாடக அரசின் ஆதரவுடன் உருவாக்கிய மனித மரபியல் மையம் எலெக்ட்ரானிக் சிட்டியில் உள்ளது. அம்மையத்தின் மருத்துவர்கள், நகருக்குள் அமைந்த இந்திரா காந்தி குழந்தைகள் நல நிறுவனத்தில் நோயாளரைப் பார்க்கின்றனர். இது கர்நாடக அரசின் தன்னாட்சி பெற்ற மருத்துவமனை. ஏழை, நடுத்தரக் குடும்பங்களே இங்கு மிகுதி. அதன் அருகிலேயே 1974இல் உருப்பெற்ற தேசிய மனநல, நரம்பியல் அறிவியல் கழகம் இருக்கிறது. அதன் நரம்பு வேதியியல் துறை, பிறவி வளர்சிதைக் குறைகளுக்கான இரத்த, சிறுநீர்ச் சோதனைகளில் நீண்ட அனுபவம் உடையது. ஆய்வுக்கூடம், குழந்தைகள் வார்டு, மூளை நோய் மருத்துவம் மூன்றும் சிறிது தொலைவிற்குள் கிடைப்பது பயிற்சிக்குப் பெரிய வாய்ப்பு. கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது பேசும் குடும்பங்கள் ஒரே வெளிநோயாளர் பிரிவில் வரிசையில் நிற்பதும், ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதிகளிலிருந்து பேருந்தில் வருவோர் இருப்பதும் இந்நகரத்துக்கே உரியன.

படுக்கையருகே கற்பது

நூலில் உள்ளதைப் படித்துத் தேர்வு எழுதுவது இப்பயிற்சியின் எளிய பகுதி. கடினமானது ஐயுறக் கற்றுக்கொள்வது.

குறைப் பிரசவமன்று, பிறந்தவுடன் நன்றாக அழுத குழந்தை. இரண்டு நாள் நன்றாகப் பால் குடிக்கிறது. மூன்றாம் நாள் பால் குடிக்க மறுக்கிறது, வாந்தி எடுக்கிறது, சோர்ந்து, மூச்சு வேகமாகி, வலிப்பு வருகிறது. மருத்துவர் கிருமித் தொற்று என்று கருதி ஆன்டிபயாடிக் கொடுக்கிறார். பெரும்பாலான சமயங்களில் அவர் கருதியது சரியே. சில குழந்தைகளிடத்தில் அது தவறு. கருவில் இருந்தவரை தாயின் உடலே குழந்தையின் கழிவுகளை அகற்றி வந்தது. பிறந்த பின், பாலிலுள்ள புரதத்தைக் குழந்தையின் கல்லீரல் தானே கையாள வேண்டும். அதற்கான நொதி இல்லையெனில் அம்மோனியா இரத்தத்தில் ஏறி மூளையைத் தாக்குகிறது. யூரியா சுழற்சிக் குறை எனப்படும் இந்நிலையில் சில மணி நேரத் தாமதம் வாழ்நாள் ஊனமாக முடியும். அல்லது குழந்தை இறந்துபோகும். இறப்புச் சான்றில் கிருமித் தொற்று என்றே எழுதப்பட்டிருக்கும்.

ஆகவே பயிற்சி மருத்துவர் முதலில் கற்பது, நோயுற்ற பச்சிளங் குழந்தையிடம் அம்மோனியா அளவைக் கேட்பது. கேட்டால் மட்டும் போதாது. கையை இறுகக் கட்டாமல் இரத்தம் எடுக்க வேண்டும். குழாயைப் பனிக்கட்டியில் வைத்து உடனே ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். அரை மணி நேரம் மேசையில் கிடந்த மாதிரி பொய் எண்ணைக் காட்டும். எத்தனையோ தேவையற்ற பயமும் எத்தனையோ தவறிய நோயும் இந்த ஒரு குழாயைக் கையாண்ட விதத்தால் ஏற்படுவன.

இவ்வளவு கருவி இல்லாத இடத்தில் என்ன செய்வது? இக்கேள்விக்கு விடை சொல்லத் தெரிவதே நல்ல பயிற்சியின் அடையாளம் எனலாம். இரத்தத்தில் சோடியம், குளோரைடு, பைகார்பனேட் அளவுகள் எந்த மாவட்ட மருத்துவமனையிலும் கிடைக்கும். முதலாவதிலிருந்து மற்ற இரண்டையும் கழித்தால் கிடைக்கும் எண் மிகுதியாயிருந்தால், அளவிடப்படாத அமிலம் ஏதோ தேங்கியிருக்கிறது என்பது பொருள். பச்சிளங் குழந்தையின் சிறுநீரில் கீட்டோன் தென்படுவது இயல்பன்று. சில ரூபாய் விலையுள்ள சோதனைப் பட்டையே அதைக் காட்டிவிடும். அதே சிறுநீரில் பெனடிக்ட் சோதனை நிறம் மாற, குளுகோஸ் பட்டை மட்டும் மாறாமலிருந்தால், அங்கே வேறொரு சர்க்கரை இருக்கக்கூடும். அது காலக்டோஸாக இருந்தால், தாய்ப்பாலே அக்குழந்தைக்கு நஞ்சு. தாய்ப்பாலை உடனே நிறுத்தச் சொல்ல வேண்டிய மிகச் சில நோய்களுள் காலக்டோசீமியா ஒன்று. இந்நோயுள்ள குழந்தைகளுக்கு இ. கோலை கிருமியின் தொற்று எளிதில் வரும் என்பதால் சிக்கல் கூடுகிறது. இரத்தத்தில் கிருமி வளர்ந்ததைக் கண்டு நோய் தெரிந்துவிட்டது என்று அமைதியடைபவர், அதன் அடியிலுள்ள நோயைத் தவறவிடுகிறார்.

நாற்றமும் ஒரு கருவியே. மேப்பிள் சாற்று நோய் எனப்படும் குறையில் குழந்தையின் சிறுநீரும் காதுக் குரும்பியும் இனிய மணம் வீசும் என்று மேலை நாட்டு நூல்கள் கூறும். மேப்பிள் மரச் சாற்றை நம் மாணவர் எவரும் முகர்ந்ததில்லை. ஆனால் வெந்தய மணத்தை அறியாதவர் இல்லை. இரண்டுக்கும் காரணம் சோட்டலோன் என்னும் ஒரே வேதிப்பொருள். இதில் ஒரு விந்தையும் உண்டு. பிள்ளை பெற்ற தாய்க்கு வெந்தயம் கொடுப்பது நம் வழக்கம். தாய் உண்ட வெந்தயத்தின் மணம் நலமான குழந்தையிடமும் வீசி மருத்துவரை ஏமாற்றக்கூடும். எனவே மணம் தெரிந்தவுடன் தாய் என்ன உண்டார் என்று கேட்பதும் இங்குப் பயிற்சியின் பகுதி.

ஆய்வுக்கூடமும் அடுக்களையும்

டி.எம். மாணவர் பல மாதங்களை ஆய்வுக்கூடத்தில் கழிக்கிறார். சோதனையை அவரே நடத்தப் போவதில்லை. எந்தச் சோதனை எதைக் காட்டாது என்பதை அறிவதே நோக்கம். டாண்டம் மாஸ் கருவி அமினோ அமிலக் குறைகளையும் கரிம அமிலக் குறைகளையும் நன்றாகக் காட்டும். கோஷர் நோய் போன்ற சேமிப்பு நோய்களுக்கு உரிய நொதியைத் தனியே அளக்க வேண்டும். ஜீன் சோதனை பல சமயங்களில் பொருள் தெளிவற்ற மாற்றம் என்று விடை தரும். அந்த விடையைப் பெற்றோரிடம் நோய் என்று சொல்வதும் பிழை. ஒன்றுமில்லை என்று ஒதுக்குவதும் பிழை.

மற்றொரு பாடம் துயரமானது. நோய் தெரியாமலே இறக்கும் குழந்தையிடமிருந்து, பெற்றோரின் இசைவுடன், வடிதாளில் சில துளி இரத்தமும் சிறிது சிறுநீரும், இயலுமாயின் தோலில் ஒரு சிறு துண்டும் எடுத்து வைக்க வேண்டும். அக்குழந்தைக்கு இதனால் பயன் இல்லை. அதே தாயின் அடுத்த கருவைக் காக்க வேறு சான்று கிடைக்காமற்போகலாம். அழுதுகொண்டிருக்கும் தந்தையிடம் இதை எவ்வாறு கேட்பது என்பதை எந்த நூலும் கற்பிப்பதில்லை. மூத்த மருத்துவர் கேட்பதை அருகில் நின்று பார்த்துத்தான் இளையவர் கற்கிறார்.

நோய் உறுதியானபின் மருத்துவம் மருந்துக் கடையைவிட அடுக்களையில்தான் அதிகம் நடைபெறுகிறது. புரதத்தை அளந்து கொடுக்க வேண்டிய குழந்தைக்கு எந்த உணவில் எவ்வளவு என்று மருத்துவர் கணக்கிட வேண்டும். 100 கிராம் அரிசியிலும் கேழ்வரகிலும் ஏறத்தாழ 7 கிராம் புரதம். துவரம்பருப்பில் ஏறத்தாழ 22 கிராம். சேலத்து ஜவ்வரிசியில் புரதம் இல்லையென்றே சொல்லலாம். ஆகவே கேழ்வரகுக் களியை அளந்தும், பருப்பை விலக்கியும், ஜவ்வரிசிக் கஞ்சியும் நெய்யும் சர்க்கரையும் கொண்டு பசியாற்றியும் ஓர் உணவுத் திட்டம் வகுக்கலாம். புரதத்தை அறவே நிறுத்தினாலும் ஆபத்து. ஓரிரு நாளுக்கு மேல் நிறுத்தினால் உடல் தன் தசையையே சிதைத்து அதே நஞ்சை உண்டாக்கும். தேவையான அமினோ அமிலங்களுக்குச் சிறப்பு மாவுணவு வேண்டும். அது பெரும்பாலும் இறக்குமதியாகிறது. ஆகவே உணவியலாளர் இல்லாமல் இம்மருத்துவர் தனித்து இயங்க இயலாது.

மருந்துகளின் விலையிலும் இத்துறையில் இரு துருவங்கள் உண்டு. பயோட்டினிடேஸ் குறையுள்ள குழந்தைக்கு வலிப்பு, முடி உதிர்தல், தோற்புண், காது கேளாமை முதலியன வரும். நாள்தோறும் சில மில்லிகிராம் பயோட்டின் என்னும் வைட்டமின் கொடுத்தால் போதும். உரிய காலத்தில் தொடங்கப்பட்டால் குழந்தை மற்றக் குழந்தைகளைப் போல வளரும். அம்மோனியாவைக் குறைக்கப் பயன்படும் சோடியம் பென்சோயேட், ஊறுகாயும் பழரசமும் கெடாமலிருக்கச் சேர்க்கும் அதே பொருளின் மருந்துத் தரமான வடிவம். மறுபுறம், கோஷர் நோய்க்கும் பாம்பே நோய்க்கும் உரிய நொதி மருந்து, குழந்தையின் எடைக்கேற்ப வாழ்நாள் முழுதும் செலுத்தப்பட வேண்டியது. அதன் செலவை எந்த நடுத்தரக் குடும்பமும் தாங்க முடியாது.

நால்வரில் ஒருவர்

இந்நோய்களில் பெரும்பாலானவை, தாய் தந்தை இருவரிடமிருந்தும் பிழையுள்ள ஜீன் வந்து சேர்ந்தால் மட்டுமே தோன்றுவன. பெற்றோர் இருவரும் நலமாகவே இருப்பர். ஒவ்வொரு கருவுக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. இதைச் சொன்னவுடன் பெற்றோர் பலர், ஒரு குழந்தைக்கு வந்துவிட்டது, இனி மூன்று குழந்தைகளுக்கு வராது என்று கொள்வர். காசு சுண்டும்போது முன்பு விழுந்தது அடுத்ததைத் தீர்மானிப்பதில்லை என்று விளக்குவதற்குப் பயிற்சி மருத்துவர் கன்னடத்திலும் தமிழிலும் சொற்களைத் தேடிக் கண்டுகொள்ள வேண்டும்.

உறவுமுறை மணத்தைப் பற்றிப் பேசுவது இன்னும் நுட்பமானது. குடும்பத்தைக் குற்றம் சாட்டினால் அவர்கள் மீண்டும் வரமாட்டார்கள். பழி பெரும்பாலும் தாயின் மீதே விழும். தந்தையிடமிருந்தும் பாதி வந்தது என்பதை மாமியாரின் முன்னிலையில் சொல்ல வேண்டியிருக்கும். சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். கருவின் பாலினத்தை அறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டம், கருநிலைச் சோதனை அனுமதிக்கப்படும் காரணங்களுள் மரபுவழி வளர்சிதை நோய்களையும் குறிப்பிட்டுள்ளது. முன்குழந்தையின் நோய் உறுதியாகத் தெரிந்திருந்தால், மூன்றாம் மாதத்திலேயே நச்சுக்கொடித் திசுவைச் சோதித்து விடை சொல்லலாம். முன்குழந்தையின் நோய் தெரியாவிடில் எதைத் தேடுவது என்பதே தெரியாது. இறந்த குழந்தையின் இரத்தப் பொட்டைக் காத்து வைக்கச் சொல்வது இதனாலேயே.

பயிற்சி பெற்றபின்

அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை 2021ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வெளியிடப்பட்டது. ஒரே முறை மருத்துவத்தால் குணமாகக் கூடியவை, குறைந்த செலவில் நீண்ட கால மருத்துவம் வேண்டுபவை, மிகுந்த செலவில் வாழ்நாள் மருத்துவம் வேண்டுபவை என நோய்கள் மூன்று தொகுதிகளாக அதில் பிரிக்கப்பட்டன. முதலில் எட்டு உயர்சிறப்பு மையங்கள் அறிவிக்கப்பட்டன. பெங்களூருவின் மனித மரபியல் மையமும் இந்திரா காந்தி மருத்துவமனையும் இணைந்த மையம் அவற்றுள் ஒன்று. 2022இல் உதவித் தொகை, எத்தொகுதி நோயாயினும், ஒருவருக்கு ரூ.50 இலட்சம் வரை என உயர்த்தப்பட்டது. சொந்தப் பயன்பாட்டுக்காக இறக்குமதி செய்யப்படும் அரிய நோய் மருந்துகளுக்கும் சிறப்பு மருத்துவ உணவுகளுக்கும் 2023ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் அடிப்படைச் சுங்க வரி நீக்கப்பட்டது. இதற்கு மத்திய அல்லது மாநில சுகாதார இயக்குநர், மாவட்ட மருத்துவ அலுவலர் போன்றோரின் சான்று வேண்டும். மாவட்ட அளவிலுள்ள அலுவலர்கள் இதனை அறிந்திருந்தால் குடும்பத்தின் அலைச்சல் குறையும்.

டைரோசினீமியா முதல் வகை என்னும் கல்லீரல் நோய்க்குரிய நிட்டிசினோன் மருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ ரூ.2.2 கோடி என்றிருந்தது. அது உள்நாட்டிலேயே தயாரிக்கப்பட்டு ஏறத்தாழ ரூ.2.5 இலட்சமாகக் குறைந்துள்ளதாக 2023 நவம்பரில் அரசு அறிவித்தது. பெரும் முன்னேற்றம் இது. ஆனால் கல்லீரல் சிதையுமுன் தொடங்கினால்தான் அம்மருந்தால் முழுப் பயன் உண்டு. அவ்வளவு விரைவில் அக்குழந்தையை அடையாளம் காண்பவர் இருந்தாலொழிய, விலை குறைந்தும் மருந்து அலமாரியிலேயே இருக்கும்.

நாட்டின் பெரும்பாலான அரசு மருத்துவக் கல்லூரிகளில் மருத்துவ மரபியலுக்கெனத் தனித்துறை இல்லை. துறை இல்லாததால் பணியிடம் இல்லை. பணியிடம் இல்லாததால் பட்டம் பெற்றவர் பெருநகரத் தனியார் மருத்துவமனைக்கோ ஜீன் சோதனை நிறுவனத்துக்கோ செல்கிறார். அவரைக் குறை கூறுவதில் பயனில்லை. ஒரு குடும்பத்துக்கு ஒரு மணி நேரம் செலவிடும் மருத்துவருக்கு, அறுவை செய்பவருக்குக் கிடைக்கும் வருவாய் கிடைப்பதில்லை. இந்நிலையில் மூன்றாண்டு டி.எம். இடங்களை மட்டும் கூட்டுவதால் தேவை நிறைவேறாது. மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை 2019இல் தொடங்கிய உம்மீத் என்னும் திட்டம், அரசு மருத்துவமனை மருத்துவர்களுக்கு மரபியலில் பயிற்சி அளிப்பதையும் தன் பணியாகக் கொண்டிருப்பது சரியான திசை. மாவட்டக் குழந்தை மருத்துவர் ஒவ்வொருவரும் உயர்சிறப்பு வல்லுநராக வேண்டியதில்லை. எப்போது ஐயுறுவது, எந்த மாதிரியை எப்படி எடுப்பது, யாரை அழைப்பது என்ற மூன்றையும் அவர் அறிந்திருந்தால், வல்லுநர் ஒருவரின் பயிற்சி பல மாவட்டங்களுக்குப் பயன்படும்.

பெங்களூரு போன்ற மையங்களில் இதற்கு எளிய வழியொன்று கையாளப்படுகிறது. நோய் உறுதியான குழந்தையின் குடும்பத்திடம் ஒரு பக்கக் கடிதம் கொடுக்கப்படுகிறது. நோயின் பெயர், காய்ச்சலோ வாந்தியோ வந்தால் எவ்வளவு குளுகோஸ் எந்த வேகத்தில் ஏற்ற வேண்டும், எதைக் கொடுக்கக்கூடாது, எந்த எண்ணுக்குத் தொலைபேச வேண்டும் என்பன அதில் இருக்கும். இந்நோயின் பெயரை முன்பின் கேட்டிராத ஊர் மருத்துவமனை மருத்துவர், இரவு இரண்டு மணிக்கு அக்கடிதத்தைப் பார்த்து முதல் பாட்டில் குளுகோஸை ஏற்றிவிடலாம். அதற்குப் பின் பெங்களூருவுக்கு வண்டி ஏற்பாடு செய்ய நேரம் இருக்கும்.